அண்ணன் எழுதிவைக்காத விதிகள்

ஆவடியில் ஒரு கல்யாணம் என்றால், அது மொத்தமும் ஒரு ரெக்சின் பைக்குள் அடங்கிய காலம் உண்டு. ரிசப்ஷனுக்கு ஒரு கேசட், முகூர்த்தத்துக்கு ஒன்று, மறுவீட்டுக்கு அரைக் கேசட். கூடவே 36 படம் எடுக்கும் ஃபிலிம் ரோல்கள். 90களின் நடுவில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஸ்டுடியோவில் நான் லைட் பிடிக்கச் சேர்ந்தேன். ஆவடி டாங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், தொழிற்பேட்டை எஸ்டேட் தொழிலாளிகளின் வீடுகள், திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில், திருவேற்காடு கருமாரியம்மன் கோயில், பூந்தமல்லி மண்டபங்கள். எங்கள் தொழில் எல்லை அவ்வளவுதான். தோளில் தூக்கி வைத்து எடுக்கும் பானாசானிக் எம்-9000 கேமரா, அதற்குள் மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட், கண்ணைக் கூசவைக்கும் சன் கன் விளக்கு. விளக்கு என் கையில். பை அண்ணனின் தோளில்.

அண்ணன் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டவர் ஸ்டுடியோவின் மூத்த ஆள். முதலாளி கேமராவைப் பார்த்துக்கொள்வார். எடுத்ததைப் பார்த்துக்கொள்வது அண்ணன். கேசட் கேமராவைவிட்டு வெளியே வந்ததும் முதல் வேலை, அதன் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைப்பது. அது உடைந்துவிட்டால் அந்தக் கேசட்டின் மேல் வேறெதையும் பதிய முடியாது. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள், வாருங்கள் என்று யார் வந்து இழுத்தாலும் சரி, நாக்கை உடைத்து, லேபிளில் எழுதிய பிறகுதான் அவர் நகர்வார். "தம்பி, பேரு எழுதாத கேசட்டு வெறும் கேசட்டுதான். அதுல கல்யாணம் இருக்குன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்" என்பார்.

ஃபிலிம் ரோல்களுக்கு வேறு வழி. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் தாண்டி சென்ட்ரலில் இறங்கி, மவுண்ட் ரோடு பக்கத்து லேபில் கொடுத்துவிட்டு வரவேண்டும். அதற்கும் அண்ணனிடம் ஒரு சட்டம் இருந்தது. கழுவிய நெகடிவும் போட்ட பிரிண்ட்டும் ஒரே பையில், ஒரே நாளில் வரக்கூடாது. இன்று நெகடிவ் வந்தால் நாளைதான் பிரிண்ட். ரயிலில் ஒரு பை தொலைந்தால் மற்றொன்றாவது மிஞ்ச வேண்டும். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

பல வருடங்கள் கழித்து, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் வகுத்துப் பரப்பிய 3-2-1 விதியைப் படித்தபோது எனக்கு அண்ணனின் ரயில் பயணங்கள்தான் நினைவுக்கு வந்தன. எதற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். உலகம் முழுவதும் கணினித் துறை இன்று ஓதும் விதியை முன்வைத்தவர் ஒரு புகைப்படக்காரர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. திரும்ப எடுக்க முடியாத ஒன்றைப் பாதுகாக்கும் பயம் எங்கள் தொழிலில் முதல் நாளே வந்துவிடும். தாலி கட்டுவதை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது.

அண்ணனின் முறையில் ஒரே ஒரு குறை. அத்தனையும் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அவர் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் திருவள்ளூர் போய்த் தங்கிவிட்ட சமயத்தில், அன்னனூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகளின் கல்யாணக் கேசட்டில் இன்னொரு காப்பி வேண்டும். மாப்பிள்ளை துபாய்க்குக் கொண்டுபோகிறார். பரணில் ஏறிப் பார்த்தால் வரிசையாக, ஒழுங்காக, தூசு தட்டி அடுக்கிய கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அண்ணனின் கையெழுத்தில் 'மு 2 தி.வா கி' என்பதுபோல் குறிப்பு. 'மு' முகூர்த்தமா, முருகன் கோயிலா? 'தி.வா' திருமுல்லைவாயலா, திருவாலங்காடா? எங்கள் யாருக்கும் தெரியாது. பெரியவரை உட்காரவைத்துவிட்டு, சந்தேகப்பட்ட கேசட்டையெல்லாம் ஒவ்வொன்றாக டெக்கில் போட்டுப் பார்த்தோம். கடைசியில் கிடைத்தது. ஒரு மனிதன் ஊரில் இல்லையென்றால் ஒரு வட்டாரத்தின் கல்யாணங்களே பூட்டிக்கொள்ளும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு டேப் சுருங்கியது. விரலளவு மினி டிவி கேசட் வந்தது. ஒரு மணி நேரப் பதிவைக் கணினிக்குள் இழுத்தால் சுமார் 13 ஜிபி. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்து நிரப்பினோம். அடுத்து மெமரி கார்டு. பை காலியானது, கூடவே அண்ணனின் ஒழுங்கும் போனது. கேசட்டுக்கு ஒரு முதுகு இருந்தது, அதில் எழுதித்தான் ஆகவேண்டும். ஃபோல்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'ஃபைனல்', 'ஃபைனல் லேட்டஸ்ட்'. எந்த ஸ்டுடியோவின் கணினியைத் திறந்தாலும் இதே பெயர்கள். எழுதாத கேசட்டுகளைத்தான் நாங்கள் எல்லோரும் ஆயிரக்கணக்கில் அடுக்கிக்கொண்டிருந்தோம்.

2015 டிசம்பர் வெள்ளம் அந்தப் பழக்கத்துக்கு விலை கேட்டது. கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் வந்தது. எங்கள் வட்டாரத்தில் கீழ்த்தட்டில் ஹார்ட் டிஸ்க்குகளை வைத்திருந்த தொழில்காரர்கள் பலர். தண்ணீர் வடிந்த பிறகு, ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்களை என்னால் மறக்க முடியாது. பக்கங்கள் ஒட்டிப்போன ஆல்பத்தைக் கையில் ஏந்தி, "உங்ககிட்ட இருக்குமில்ல?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு 'இருக்கு' என்று சொல்ல முடிவதுதான் இந்தத் தொழிலின் மானம் என்று நான் நினைக்கிறேன். படம் எடுப்பதற்கு மட்டும் கூலி வாங்குகிறோம். ஆனால் ஜனங்கள் எங்களை நம்புவது வைத்திருப்பதற்கும் சேர்த்து.

வெளியே ஒரு பிரதி அனுப்பிவைக்க அதுவரை வழி இல்லை என்பதும் உண்மை. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தபோது 256 கேபிபிஎஸ் கிடைத்தால் அது பிராட்பேண்டு. இன்றைக்கு இரண்டு வீடியோ கேமரா, இரண்டு ஸ்டில் கேமராவோடு எடுக்கும் ஒரு கல்யாணம் 500 ஜிபியைச் சாதாரணமாகத் தொடும். அதை அந்த இணைப்பில், ஒரு நொடிகூட அறுபடாமல் ஏற்றினாலும் ஆறு மாதம் ஆகும். இப்போது தெருவுக்குத் தெரு வந்துவிட்ட ஃபைபரில், ஏற்றும் வேகம் முழு 100 எம்பிபிஎஸ் கிடைத்தால் பதினோரு மணி நேரத்துக்குச் சற்று மேல். முகூர்த்தம் முடிந்து வந்து போட்டுவிட்டுத் தூங்கினால், மறுநாள் காலையில் கல்யாணம் வெளியூர் போய்ச் சேர்ந்திருக்கும். அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை தொடங்கியது 2006 மார்ச்சில். அதன் மும்பைத் தரவு மையம் திறந்தது 2016 ஜூனில். மைக்ரோசாஃப்ட் தன் தென்னிந்திய மையத்தை 2015லேயே சென்னையில் வைத்துவிட்டது. வெள்ளம் வடிந்த அடுத்த வருடம், தண்ணீர் எட்டாத ஓர் அலமாரியை எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களும் மாத வாடகைக்கு எடுக்க முடிந்தது.

அலமாரி கிடைத்தும் ஒழுங்கு வரவில்லை. பிரவுசரைத் திறந்து, ஃபோல்டரை இழுத்துப் போட்டு, பாதி ராத்திரியில் கரண்ட் போய், எது ஏறியது எது ஏறவில்லை என்று காலையில் எண்ணிக்கொண்டிருப்போம். அவரவர் மனம்போல் பெயர். ஒருவர் ஒரிஜினலை ஏற்றுவார், இன்னொருவர் எடிட் செய்ததை மட்டும். அண்ணன் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அவர் இடத்தில் நான் இருந்தேன். எல்லாமே என் தலைக்குள் ஏறிக்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் பட்டாபிராமிலிருந்து ஒரு பெண் எடிட்டிங் வேலைக்கு வந்தாள். இன்ஜினியரிங் படித்தவள், பைத்தான் தெரியும். அப்லோடு வேலையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதித் தருகிறேன் என்றாள். எழுத உட்கார்ந்தவள் கீபோர்டைத் தொடாமல் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, கார்டை எப்போ ஃபார்மேட் பண்ணலாம்?"

"ரெண்டு காப்பி ஆனப்புறம்மா."

"ஆச்சுன்னு யாரு சொல்லணும்? காப்பி போட்டவரா, மெஷினா?"

யோசித்துவிட்டு, மெஷின் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள்.

"பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே லிங்க்கா, தனித்தனியா?"

தனித்தனியாகத்தான். பெண் அலங்காரம் செய்துகொள்ளும் அறையில் எடுத்த படங்கள் அவர்கள் பார்த்து, சரி என்ற பிறகுதான் வெளியே போகவேண்டும். இதை நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்தோம். ஆனால் யாரும் சட்டமாகச் சொன்னதில்லை.

"எவ்ளோ வருஷம் வெச்சிருக்கணும்?"

இதற்கு அண்ணன் ஒரு பதில் வைத்திருந்தார்: "அவங்க வீட்ல அடுத்த கல்யாணம் வர்ற வரைக்கும்." அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அதை நம்பரா சொல்லுங்கண்ணா" என்றாள். இரண்டு வருடம் உடனே எடுக்கும் இடத்தில், அதன் பிறகு ஆழ்சேமிப்பில் என்று முடிவு செய்தோம். அமேசானில் அதற்கு கிளேசியர் டீப் ஆர்க்கைவ் என்று ஒரு தட்டு உண்டு. வாடகை மிகக் குறைவு. ஆனால் கேட்டால் கையில் கிடைக்கச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பழைய கல்யாணம் கேட்டு வருபவர்கள் ஒரு நாள் பொறுத்துக்கொள்வார்கள்.

அவள் எழுதிய ஸ்கிரிப்ட் இரண்டு பாகம். வேலை செய்யும் கோடு ஒரு கோப்பு. அந்த வேலை எப்படி நடக்கவேண்டும் என்ற செட்டிங்ஸ் தனிக் கோப்பு. இரண்டாவதில்தான் எனக்கு உயிர். அதன் தலையில் எல்லா வேலைக்கும் பொதுவான அடிப்படை இருக்கிறது: எந்த மையம், எந்தப் பக்கெட் (கிளவுடில் கோப்புகள் போய்ச் சேரும் பெட்டி), ஃபோல்டர் பெயரில் வருடம், மாதம், தேதி, ஊர், விசேஷம், கேமரா எண் என்ற வரிசை, எத்தனை எம்பி துண்டுகளாக வெட்டவேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை துண்டுகள் போகவேண்டும். அமேசானின் பைத்தான் நூலகம் தானாகவே எட்டு எம்பி துண்டுகளாக வெட்டி, பத்துப் பத்தாக அனுப்பும். எங்கள் இணைப்புக்கு ஏற்றபடி அவள் அதை மாற்றினாள். துண்டு துண்டாகப் போவதால், நடுவில் ஒன்று அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். பாதியில் நின்றுபோன துண்டுகள் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் தங்கி வாடகை ஏற்றும். ஒரு வாரத்தில் அவற்றைத் துடைத்துவிடச் சொல்லும் விதியும் அதிலேயே இருக்கிறது. கடைசியில், இங்கிருக்கும் கோப்பின் சரிபார்ப்பு எண்ணும் அங்கே போய்ச் சேர்ந்ததன் எண்ணும் ஒத்துப்போனால்தான் 'கார்டு ஃபார்மேட் செய்யலாம்' என்ற வரி திரையில் வரும். ஆச்சு என்று சொல்வது மெஷின்.

அடிப்படைக்குக் கீழே ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு பெயர். 'கல்யாணம்', 'வளைகாப்பு', 'மஞ்சள் நீராட்டு', 'கோயில்', 'எஸ்டேட்'. ஒவ்வொன்றும் அடிப்படையை அப்படியே எடுத்துக்கொண்டு, தனக்கு வேண்டிய இரண்டு மூன்று வரிகளை மட்டும் மாற்றும். 'மஞ்சள் நீராட்டு' என்றால் பகிரும் லிங்க் கிடையாது. சின்னப் பெண்ணின் படம், பெற்றோர் கையில் நேரடியாகத்தான். 'எஸ்டேட்' என்றால் அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு எடுப்பது. இயந்திரங்களின் படம் வெளியே கசியக்கூடாது, ஆகவே வேறு பக்கெட், பூட்டிய நிலையில். திருவேற்காட்டில் கும்பாபிஷேகம் எடுத்துவிட்டு வரும் பையன் 'கோயில்' என்ற ஒற்றைச் சொல்லைத் தட்டினால் போதும். மீதியை முன்பே யோசித்து எழுதியாகிவிட்டது. ஒரு விதியை மாற்றவேண்டுமா? அடிப்படையில் ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா விசேஷத்துக்கும் மாறும். பத்து ஸ்கிரிப்டில் பத்து இடத்தில் தேடவேண்டியதில்லை.

அந்தக் கோப்பில் அவள் வேண்டுமென்றே வைக்காத ஒன்று, சாவி. கிளவுட் கணக்கின் ரகசியச் சாவி கணினியின் சூழலில் தனியாக இருக்கிறது. செட்டிங்ஸ் கோப்பை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், காட்டலாம். அந்தச் சாவிக்கும் ஏற்ற மட்டுமே உரிமை. அழிக்க உரிமை கிடையாது. பக்கெட்டில் பழைய பதிப்பு ஒவ்வொன்றும் தங்கும்படி வைத்திருப்பதால், அதே பெயரில் வேறொன்று வந்து விழுந்தாலும் முதலில் போனது அழியாது. இதை அவள் விளக்கியபோது நான் கேசட்டின் பிளாஸ்டிக் நாக்கைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவள் வி.எச்.எஸ். கேசட்டைக் கையில் பிடித்ததில்லை. பரணிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினேன். உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "இதேதாண்ணா" என்றாள்.

தமிழில் இப்படிப்பட்ட வேலைக்குப் பெரிய உதாரணம் வேறு இடத்தில் இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட நூல்களின் ஸ்கேன்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்தது. அவை விக்கிமீடியா காமன்ஸில் ஏறின. அந்தப் பக்கங்களை எழுத்தாக மாற்றித் தமிழ் விக்கிமூலத்தில் சேர்ப்பது கையால் ஆகும் காரியமா? கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் த. சீனிவாசன் அதற்காக 'ஓசிஆர்4விக்கிசோர்ஸ்' என்ற பைத்தான் கருவியை எழுதினார். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுள் டிரைவுக்கு ஏற்றி, அங்கே படமாக இருந்த எழுத்தை உரையாக வாங்கி, விக்கிமூலத்தின் அந்தந்தப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்தப் புத்தகம், எந்த மொழி, யார் கணக்கு என்பதெல்லாம் ஒரு சிறிய செட்டிங்ஸ் கோப்பில். கோடு எழுதத் தெரியாத தன்னார்வலரும் அந்தச் சில வரிகளை மாற்றி அடுத்த புத்தகத்தைத் தொடங்கலாம். மொழியை மாற்றினால் மற்ற இந்திய மொழிக்காரர்களும் தொடங்கலாம். ஒருவர் யோசித்த வழியைப் பல பேர் நடக்கும்படி போட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய கொடை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது.

எங்கள் ஊரும் அலமாரிகளின் ஊராகிவிட்டது. டி.ஐ. சைக்கிளும் டன்லப் டயரும் அம்பத்தூரின் பெயரைச் சுமந்த காலம் போய், அதே தொழிற்பேட்டைப் பக்கம் என்.டி.டி.யின் தரவு மையம் நிற்கிறது. டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனம் 2024 ஜனவரியில் தன் மையத்தைப் பத்து ஏக்கரில் திறந்தது. முழுதாக வளர்ந்தால் 100 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் வளாகம் அது. அண்ணன் மவுண்ட் ரோடுக்குச் சுமந்த பைகளை, உலகத்தின் எங்கெங்கோ இருந்து இப்போது கம்பிவழியே எங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள். ஜெனரேட்டர், குளிர்சாதனம், காவல் என்று அந்தக் கட்டடங்கள் அத்தனை ஏற்பாட்டோடும் இருக்கும். ஆனால் உள்ளே போகும் ஃபோல்டருக்குப் பெயர் வைப்பது அவர்கள் வேலையில்லை. எதை வைத்திருப்பது, யாருக்குக் காட்டுவது, எப்போது அழிப்பது என்பது அனுப்புகிறவன் பொறுப்பு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் நின்றது. கொரட்டூர் மறுபடி மிதந்தது. எங்கள் கடைக்குள்ளும் தண்ணீர். மேசை போனது, இரண்டு மானிட்டர் போனது. தண்ணீர் வடிந்த பிறகு ஆல்பத்தோடு ஆட்கள் வந்தார்கள், எட்டு வருடத்துக்கு முன்பு வந்ததைப் போலவே. "உங்ககிட்ட இருக்குமில்ல?" இந்த முறை தேதியைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன், ஃபோனிலேயே எடுத்துக் காட்டினேன். ஒரு அம்மா தன் மாமனார் இருந்த படத்தைக் கண்டதும் ஃபோனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஸ்கிரிப்ட் எழுதிய அந்தப் பெண் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாள். அவள் போனபோது வேலை நிற்கவில்லை. செட்டிங்ஸ் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழில் ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தாள்: இந்த விதி ஏன், யார் சொன்னது, எப்போது மாற்றினோம். 'லிங்க் தனித்தனி: பெண் வீட்டார் சம்மதம் இல்லாமல் அலங்கார அறைப் படம் போகக்கூடாது' என்று ஒரு வரி. 'அழிக்கும் உரிமை இல்லை: கேசட் நாக்கு' என்று இன்னொரு வரி. புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாள் கேமராவைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கோப்பைத்தான் படிக்கச் சொல்கிறேன். போன மாதம் ஒருவன், 'இறந்தவர்களின் கடைசிப் படம் என்று வீட்டார் சொன்னால் ஆழ்சேமிப்புக்கு அனுப்பக்கூடாது, உடனே கிடைக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டான். சேர்த்தோம்.

அண்ணனுக்கு இதைவிட அதிகம் தெரியும். அவர் அளவுக்கு அக்கறையோடு இன்னொருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் அறிவில் புதிய பையன் ஒரு வரி சேர்க்க வழி இருந்ததில்லை. எழுதிய விதிக்கு அந்த வழி உண்டு. ஒரு ஸ்டுடியோ, ஒரு நூலகம், ஒரு கோயில் அலுவலகம், ஒரு பள்ளிக்கூடம் என்று படமும் காகிதமும் சேரும் இடம் எதுவானாலும், அங்கே எல்லாம் தெரிந்த ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் என்னைக் கேட்டதைப் போலக் கேளுங்கள். அவர் சொல்வதைத் தமிழில் எழுதுங்கள். கோடு எழுதுகிறவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். எழுதிய விதியை அவர்கள் ஒரு சாயங்காலத்தில் மெஷினுக்குச் சொல்லிவிடுவார்கள்.